விருந்தில்லமும் விலைச்சீட்டும்

'ளியாஃபத்' என்னும் அரபுச் சொல், விருந்தினரை வரவேற்று உணவளித்து உபசரித்தலைக் குறிக்கும். உண்டவரிடம் விலை பெறுதல் அச்சொல்லின் பொருளில் அடங்காது.

இஸ்தான்புல் நகரில், ஸுலைமானிய்யாப் பள்ளிவாசலை அடுத்த பழங்கட்டடம் ஒன்றில் 2011ஆம் ஆண்டு நான் உணவருந்தினேன். அவ்வுணவகத்தின் பெயரே 'தாருள் ளியாஃபா', அதாவது விருந்தோம்பும் இல்லம். ஈயத் தகடு வேய்ந்த குவிமாடங்கள். நடுவே விரிந்த முற்றம். உணவும் உபசரிப்பும் நிறைவாகவே இருந்தன. இறுதியில் விலைச்சீட்டு வந்தது, விலையும் நியாயமானதே.

ஆயினும் என் சிந்தை அக்கட்டடத்தின் வரலாற்றை நாடிற்று. ஸுல்தான் ஸுலைமானின் ஆணைப்படி, 1550களில் கட்டடக் கலைஞர் ஸினான் எழுப்பிய வக்ஃபுச் சமையற்கூடம் அது. மத்ரஸா மாணவரும் வழிப்போக்கரும் ஏழையரும் அங்கே விலையின்றி உண்டனர். காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி. வெள்ளி இரவுகளிலும் ரமளானிலும் இறைச்சிச் சோறும் குங்குமப்பூவிட்ட இனிப்புச் சோறும். 1914இல் அது அருங்காட்சியகமாயிற்று. 1983இல் அருங்காட்சியகம் இடம்பெயர்ந்தது. உணவகம் பின்னர் வந்தது.

பூட்டிக் கிடக்கும் கட்டடம் பாழாகும்; அடுப்பெரியும் கட்டடம் வாழும். இதை மறுப்பதற்கில்லை. எனினும், வக்ஃபு செய்தவரின் நிபந்தனை ஷரீஅத்தின் வாசகத்துக்கு ஒப்பானது என்பர் ஃபிக்ஹு அறிஞர். சுவரோடு சேர்த்துப் பசித்தவனின் கிண்ணத்தையும் அன்றோ அவர் வக்ஃபு செய்தார்!

நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குடன் வந்து நிற்கும் சிறுவனிடம் எவரும் காசு கேட்பதில்லை. ளியாஃபத்தின் பொருள் அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. வக்ஃபுச் சொத்துக்களைப் பராமரிப்போர், கட்டடத்தின் கணக்கை எழுதும்போது அந்தக் கிண்ணத்தின் கணக்கையும் எழுதுவார்களாக!