சோறு போட்ட குற்றம்

மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தின் 56(1)(டி) பிரிவில் குற்றம் சாட்டப்பட்ட பலருக்காக நான் நீதிமன்றம் ஏறியிருக்கிறேன். பெரும்பாலும் கட்டுமானக் குத்தகைக்காரர்கள், ஏஜெண்டுகள், பெர்மிட் இல்லாத ஆட்களைக் கொங்சியில் அடைத்து வைத்து வேலை வாங்கிய முதலாளிகள். 2012இல் கிள்ளான் செஷன்ஸ் நீதிமன்றத்தில் அதே பிரிவின் கீழ் கூண்டில் நின்றவர் அறுபத்தெட்டு வயது விதவை. பால்மரம் வெட்டிய தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு, காப்பார் சாலைப் பக்கம் மலிவு விலை வீடொன்றில் குடியிருந்துகொண்டு, விடிகாலையில் பஸ் நிறுத்தத்தருகே தோசையும் நாசி லெமாக்கும் விற்றுவந்தவர். அந்தப் பிரிவில் அபராதம் குறைந்தது 10,000 வெள்ளி, கூடினால் 50,000. அதோடு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. பெண் என்பதால் பிரம்படி மட்டும் கிடையாது.

ஒரு கர்ப்பிணியை வீட்டில் தங்க வைத்துச் சோறு போட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. சட்டத்தின் விளக்கப் பிரிவு அடைக்கலம் தருவது என்பதில் உணவோ உறைவிடமோ கொடுப்பதையே சேர்த்திருக்கிறது. காசு வாங்கியிருக்க வேண்டும், ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. வந்தவர் சட்டத்தை மீறியவர் என்று தெரிந்திருந்தாலோ, அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தாலோ போதும்.

அந்தப் பெண் முல்லைத்தீவு மாவட்டத்துக்காரி. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து உயிரோடு வெளியே வந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கம்பிவேலிக்குள் கிடந்து, பிறகு கணவனோடு கொழும்பு வழியாகக் கோலாலம்பூருக்கு விமானத்தில் வந்தவள். சுற்றுலா விசா. இங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படகு ஏற்றிவிடுவதாக ஏஜெண்ட் சொல்லியிருந்தான். அந்த வருடங்களில் அந்தக் கனவோடு மலேசியாவில் இறங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 2010 ஏப்ரலில் பினாங்குக் கடலில் பழுதாகி நின்ற படகிலிருந்து 75 இலங்கைத் தமிழர்கள் இறங்க மறுத்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். யாருக்கும் மலேசியா போய்ச் சேரும் இடமாக இருந்ததில்லை. நடுவில் காத்திருக்கும் இடம்தான். ஆனால் அந்தக் காத்திருப்பு ஐந்து வருடம், பத்து வருடம் என்று நீண்டுவிடும். அந்தக் காலத்தில் பிள்ளை பிறக்கும், நோய் வரும், பசிக்கும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அகதி என்ற ஒருவரை இந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டம் அறியாது. விசா முடிந்தால் எல்லாரும் சட்டவிரோதக் குடியேறிகள்தான்.

ஏஜெண்ட் பணத்தோடு மறைந்தான். கணவன் ஜொகூர் கடற்கரைப் பக்கம் பிடிபட்டான். ஐந்து மாதக் கர்ப்பத்தோடு இவள் கிள்ளானில் தனியாக நின்றாள். ஒரு நாள் காலை தோசை விற்ற அந்த அம்மாவின் கடைக்கு எதிரே வெகுநேரம் நின்றுவிட்டுத் தண்ணீர் மட்டும் கேட்டிருக்கிறாள். அம்மா அவளை உட்காரவைத்துத் தோசை வைத்தார். அன்று மாலை வீட்டுக்கு அழைத்துப் போனார். அடுத்த வாரமே கடையைச் சாத்திவிட்டு, கோலாலம்பூர் ஜாலான் புக்கிட் பெட்டாலிங்கில் இருக்கும் ஐ.நா. அகதிகள் அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிப்போய், இருட்டிலேயே வரிசையில் நின்று பெயர் பதிய வைத்தார். அகதி அட்டை கிடைக்கவில்லை. மனு பரிசீலனையில் இருப்பதாகச் சொல்லும் ஒரு தாள் கிடைத்தது.

பிரசவ நேரம்தான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. இங்கே நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆவணம் இல்லாதவர்கள் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டே சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டிருந்தது. வெளிநாட்டவருக்குக் கட்டணமும் பல மடங்கு. ஐ.நா. அட்டை இருந்தால் அதில் பாதி தள்ளுபடி. வெறும் தாளுக்கு அந்தச் சலுகை இல்லை. இதனால் எத்தனையோ கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் வாடகை அறைகளில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஒரு மிஸ்ஸியை வீட்டுக்கே கூட்டிவரலாம் என்று அக்கம்பக்கத்தார் அம்மாவுக்கு யோசனை சொன்னார்கள். இரத்த அழுத்தம் ஏறி அந்தப் பெண்ணின் கால் வீங்கியிருந்தது. அம்மா டாக்சி பிடித்து நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார். முன்பணத்துக்குச் சேமிப்பை எடுத்தார். மீதிக் கட்டணத்துக்குப் பொறுப்பேற்றுத் தன் பெயர், வீட்டு முகவரி, ஐசி எண் எல்லாவற்றையும் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

தாயும் ஆண் குழந்தையும் பிழைத்தார்கள். சில நாளில் அந்த முகவரிக்கு அமலாக்க அதிகாரிகள் வந்தார்கள்.

வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் வழியாக இந்த வழக்கு என்னிடம் வந்தது. தேசிய சட்ட உதவி அறக்கட்டளை அந்த வருடம்தான் செயல்படத் தொடங்கியிருந்தது. கைதாகிறவர்களுக்கு இலவச வழக்கறிஞர் என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் அது குடிமக்களுக்கு மட்டும். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து லயத்தில் பிறந்த அம்மாவிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. ஆயுள் முழுக்கச் சிவப்பு ஐசி. பிறந்த மண்ணிலேயே நிரந்தரவாசி. குடியுரிமை மனு ஒன்று போட்டுவிட்டுக் காத்திருந்தார். அதற்கு நன்னடத்தை வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு. தண்டனை விழுந்தால் அந்த மனுவின் கதி என்ன ஆகும் என்று நான் விளக்கியபோது அவர் குறுக்கே பேசவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

இந்த மாதிரி வழக்கில் எதிர்வாதம் ஒன்றுதான் பொதுவாக எடுபடும். ‘அவளிடம் விசா இல்லை என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை.’ ஆகவே எந்த வழக்கறிஞரும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன்: அந்தப் பெண்ணின் நிலைமை உங்களுக்கு என்றைக்குத் தெரிந்தது?

“மொதல் நாளே சொல்லிருச்சு லாயரம்மா. விசா முடிஞ்சிருச்சு, புருசன் உள்ள இருக்கான், எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் வீட்டுக்குள்ள கால வச்சிச்சு. இப்ப நான் தெரியாதுன்னு சொன்னா, அந்தப் புள்ள என்னை ஏமாத்திக் குடி வந்த மாதிரி ஆயிடாதா?”

அந்த வாதம் அதோடு முடிந்தது. தெரிந்தும் பொய் சாட்சியைக் கூண்டில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை. அதைவிட, இந்த அம்மாவுக்காக எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது எனக்கு அந்தப் பதிலில்தான் விளங்கியது. சிறை வேண்டாம் என்று அவரும் நினைத்தார். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைக் கெடுத்து வெளியே வர அவர் தயாராக இல்லை.

குறைந்தபட்சத் தண்டனையைச் சட்டமே எழுதி வைத்திருப்பதால் நீதிபதியின் இரக்கத்துக்கு அங்கே அதிக இடமில்லை. போக வேண்டிய கதவு வேறு. அரசியல் சாசனத்தின் 145(3) பிரிவு வழக்கைத் தொடங்கவும் நடத்தவும் நிறுத்தவும் சட்டத்துறைத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது. அவருக்கு முறையீட்டுக் கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தேன். அதற்கு அந்தப் பெண்ணின் வாக்குமூலம் தேவைப்பட்டது. அவள் பச்சைக் குழந்தையோடு தடுப்பு முகாமில் இருந்தாள். குடிமக்களைக் கைது செய்தால் 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு அந்தக் கெடு 14 நாள்.

முகாமில் என்னைக் கண்டதும் தன்னைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ அவள் எதுவும் கேட்கவில்லை.

“அம்மாவையும் மறியலில போட்டிட்டினமோ அக்கா? அவ என்னட்ட ஒரு சதமும் வாங்கேல்லை. நான் பாத்திரம் கழுவப் போனாலும் விடமாட்டா. இதை எழுதுங்கோ அக்கா, நான் சைன் வைக்கிறன்.”

எழுதினேன். அவள் சொன்ன தமிழிலேயே முதலில் எழுதி, பிறகு மலாயில் மொழிபெயர்த்து இணைத்தேன். முகாமில் குழந்தைக்குப் பால் மாவும் துணியும் கொண்டுபோய்ச் சேர்த்தது தன்னார்வலர்கள்தான். குடியேறிகளுக்குக் கைகொடுப்பவர்கள் எதற்கு ஆளாவார்கள் என்பது இந்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெனாகானித்தா அமைப்பை நிறுவிய ஐரீன் பெர்னாண்டஸ், தடுப்பு முகாம்களில் குடியேறித் தொழிலாளர் பட்ட பாட்டை அறிக்கையாக வெளியிட்டதற்காக 1996இல் வழக்குக்கு ஆளாகி, 2003இல் தண்டிக்கப்பட்டு, 2008இல்தான் விடுதலையானார். பன்னிரண்டு வருடம் அந்த வழக்கு அவர் தலைமேல் தொங்கியது. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆனாலும் பால் மாவோடு முகாம் வாசலில் ஆள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

கடிதத்தில் நான் வைத்த வாதம் எளிமையானது. ஐ.நா. அகதி அட்டை உள்ளவர்கள்மீது குடிநுழைவுக் குற்றத்துக்காக வழக்குத் தொடுப்பதில்லை என்ற நடைமுறையை 2005 முதல் சட்டத்துறைத் தலைவர் அலுவலகமே ஏற்றிருந்தது. அது சட்டமல்ல, ஆனால் பல உயிர்களைக் காத்த நடைமுறை. அந்தப் பெண்ணின் மனு அப்போது முடிவுக்கு வரும் நிலையில் இருந்தது. தங்கியவள்மீது வழக்கு இல்லை என்று நாளை ஆகுமானால், தங்க இடம் கொடுத்தவர்மீது மட்டும் வழக்கு எப்படி நிற்கும்? இரண்டாவது, ஆஸ்பத்திரிப் படிவம். அரசுத் தரப்பு அதை அம்மாவுக்கு எதிரான முதல் ஆவணமாக வைத்திருந்தது. நான் அதையே எங்கள் முதல் இணைப்பாக வைத்தேன். ஒளித்து வைக்கிறவர் யாராவது அரசாங்க அலுவலகத்தில் தன் முகவரியைக் கொடுத்துக் கையெழுத்துப் போடுவார்களா?

சில மாதம் தவணைமேல் தவணை. பிறகு அரசுத் தரப்பு வழக்கறிஞரான டிபிபி என்னை அறைக்கு வெளியே அழைத்துப் பேசினார். வயதில் இளையவர், நியாயமானவர். 56(1)(டி)யைக் கைவிட்டு 55ஈ பிரிவுக்கு மாற்றலாம் என்றார். வீட்டுக்குள் சட்டவிரோதக் குடியேறியை அனுமதித்த குற்றம். அபராதம் 5,000 வெள்ளியிலிருந்து. அபராதம் கட்டினால் சிறை போகாமல் தப்பலாம். ஒப்புக்கொண்டால் அன்றே முடித்துவிடலாம். கோயிலிலும் பக்கத்துத் தாமானிலும் வசூல் செய்தால் அந்தத் தொகை ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும். நான் அம்மாவிடம் இரண்டு பக்கத்தையும் சொன்னேன். ஒப்புக்கொண்டால் நிம்மதி, ஆனால் பெயரில் குற்றம் ஏறும், குடியுரிமை மனு அடிபடும். மறுத்தால் ஆறு மாதச் சிறை என்ற ஆபத்து அப்படியே நிற்கும்.

“நான் ஒத்துக்கிட்டா அந்தப் புள்ளைக்கு ஏதும் கெடுதல் வருமா?” என்று கேட்டார். நேரடியாக வராது என்றேன். அப்புறமும் வேண்டாம் என்றார். தப்பு செய்தேன் என்று வாயால் சொல்ல வரவில்லை என்பது மட்டுமே அவர் தந்த காரணம்.

இரண்டாவது முறையீட்டை எழுதினேன். அதற்கு விடை வரும் முன்பே ஐ.நா. அலுவலகம் அந்தப் பெண்ணை அகதியாக ஏற்றது. அட்டை கைக்கு வந்து, தாயும் பிள்ளையும் முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். அடுத்த தவணையில் டிபிபி எழுந்து, வழக்கைத் தொடர விரும்பவில்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254ஆம் பிரிவின் கீழ் தெரிவித்தார். முழு விடுதலை வேண்டும் என்று நான் வாதிட்டேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். விடுதலைக்குச் சமமாகாத விடுவிப்பு என்றே தீர்ப்பளித்தார். அதாவது அரசு நினைத்தால் அதே குற்றச்சாட்டை மறுபடி கொண்டுவரலாம்.

பிற்காலத்தில் 2018 ஜூலையில் பிரான்சின் அரசியல் சாசன மன்றம் கொடுத்த தீர்ப்பைப் படித்தபோது எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வந்தது. இத்தாலிய எல்லைக்கருகே குடியேறிகளுக்கு இடம் கொடுத்த செட்ரிக் எரு என்ற விவசாயியின் வழக்கு அது. குடியரசின் சகோதரத்துவக் கொள்கை, மனிதாபிமானத்தோடு பிறருக்கு உதவும் சுதந்திரத்தையும் உள்ளடக்கியது என்று மன்றம் சொன்னது. குடியேறிகளைக் கடத்துவதற்கு எதிரான ஐ.நா. நெறிமுறைகூடப் பணமோ பொருளோ ஆதாயமாகப் பெறுவதைத்தான் கடத்தலின் அடையாளமாக வைக்கிறது. காசுக்காக மனிதரைப் பதுக்குபவனுக்கு ஆறு மாதம் போதாது என்பேன். ஆனால் அவனையும், பிள்ளைத்தாய்ச்சிக்குத் தோசை வைத்த கிழவியையும் ஒரே பிரிவில் நிறுத்தும் சட்டம் திருத்தப்பட வேண்டிய சட்டம். திருத்த எழுத வேண்டியதும் அதிகமில்லை: ஆதாயத்துக்காக என்ற நிபந்தனையைச் சேர்த்தால் போதும்.

தீர்ப்பு நாளன்று நீதிமன்றப் படியிலேயே அம்மா கேட்டார்: “அந்தப் புள்ளயும் கொழந்தையும் இப்ப எங்க தங்கும்? என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?”

வழக்கறிஞராக எனக்கிருந்த பதில் ஒன்றுதான். அட்டை கிடைத்திருக்கிறது, ஆனால் அது விசா ஆகாது. பிரிவு அப்படியே இருக்கிறது. உங்கள்மீதான வழக்கு திரும்பவும் வரலாம். அட்டையை மதிப்பது நடைமுறை, கடமை இல்லை. எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன்.

“கேசு திரும்ப வந்தா நீங்க வருவீங்கல்ல?”

வருவேன் என்றேன். மறுநாள் என் அலுவலக முகப்புத்தாளில், இந்த வீட்டில் தங்கியிருப்பவர் ஐ.நா.வால் ஏற்கப்பட்ட அகதி என்றும், கேள்வி இருந்தால் என்னை அழைக்கலாம் என்றும் மலாயில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதற்குச் சட்டத்தில் எந்தப் பலமும் இல்லை என்பதையும் சொல்லித்தான் கொடுத்தேன். கணவனும் வெளியே வந்து, மூன்றாம் நாடொன்று அவர்களை ஏற்றுக்கொள்ளும்வரை அந்தக் குடும்பம் அம்மா வீட்டில்தான் இருந்தது. அந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.