மாலுமியின் வேலைச் சட்டை
பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

மாலுமி என்றதும் உங்கள் மனக்கண் முன் தோன்றுவது என்ன? வெள்ளைச் சீருடை, முதுகில் தொங்கும் சதுரமான நீலக் கழுத்துப்பட்டை, தலையில் வட்டத் தொப்பி, அவ்வளவுதானே! கடற்படையில் பதினைந்து ஆண்டுகள் இயந்திர அறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் சித்தப்பாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். “அது போட்டோவுக்கு, பாப்பா. கப்பல் ஓடுவது எட்டாம் நம்பரில்தான்” என்பார்.

கடற்படையில் ஒவ்வோர் உடைக்கும் ஓர் எண் உண்டு. எட்டு என்பது வேலையுடை. சித்தப்பா காலத்தில் அது வெளிர்நீல அரைக்கைச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும். எண்ணெய்க் கறை, வியர்வை, துரு எல்லாம் அதற்குத்தான். வெள்ளை உடை பெட்டியில் மடிப்புக் கலையாமல் உறங்கும்.

பிரிட்டிஷ் கடற்படை தன் அதிகாரிகளுக்கு 1748-இலேயே சீருடை வகுத்துவிட்டது. சாதாரண மாலுமிகளுக்கு 1857-இல்தான் வகுத்தது. இடையில் நூறாண்டுக்கு மேல் அவர்கள் கப்பல் பண்டகசாலையில் உடையோ துணியோ வாங்கிக்கொண்டார்கள். துணி வாங்கியவர்கள் தாங்களே தைத்துக்கொண்டார்கள். ஆண்கள் ஊசி பிடித்துத் தைத்தார்கள் என்பதைத் தையல் வகுப்பில் முகம் சுளிக்கும் என் தோழிகள் கவனிக்க வேண்டும்! கழுத்து வியர்வைக்கு ஒரு வண்ணக் கைக்குட்டை கட்டிக்கொள்வார்கள். அந்த நாளில் நம் மாவட்டத்துப் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிப் போன கைக்குட்டைகள் உலகெங்கும் பெயர் பெற்றவை. ஆங்கில அகராதியில் அவ்வகைக் கைக்குட்டைக்குப் ‘புல்லிகாட்’ என்றே பெயர். அமெரிக்க மாலுமிகள் வேலையுடையாக அணிந்த ‘டங்கரி’யும் நம் நாட்டுச் சொல்தான். பம்பாயில் டோங்ரி என்ற இடத்தின் பெயரால் வந்த முரட்டுப் பருத்தித் துணி அது. அமெரிக்கக் கடற்படை 1901-இல் டெனிம் உடையை வேலைக்கு அனுமதித்தது.

நிறமும் வெட்டும் இருக்கட்டும். வேலைச் சட்டையில் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த நூல் என்பதைத்தான். ஏனெனில் கப்பலில் மாலுமி தண்ணீரைவிட நெருப்புக்கே அதிகம் அஞ்சுகிறான். ஓடிப் போக இடம் ஏது?

1982 மே 4 அன்று ஃபாக்லாந்து போரில் ‘ஷெஃபீல்டு’ என்ற பிரிட்டிஷ் கப்பலை எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியது. தீயில் 20 பேர் மாண்டனர். அப்போது பிரிட்டிஷ் மாலுமிகள் அணிந்த உடைகளில் நைலான் போன்ற செயற்கை இழை கலந்திருந்தது. அது சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டதால் தீக்காயங்கள் இன்னும் கொடியவையாயின. அதன் பிறகே அவ்வகைத் துணிகளைக் கைவிடத் தொடங்கினர்.

பாடம் முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். இல்லை! 2008-ஐ ஒட்டி அமெரிக்கக் கடற்படை நீலமும் சாம்பலும் கலந்த ஒரு புது வேலையுடையைக் கொண்டுவந்தது. பாதி நைலான், பாதி பருத்தி. நீலக் கடலில் நீல உடையோடு ஒருவன் விழுந்தால் தேடுவது எப்படி என்று மாலுமிகளே கேலி செய்தார்கள். 2012-இல் சோதித்தபோது அது நன்றாகத் தீப்பிடித்து, எரிந்து, உருகுவதைக் கண்டார்கள். 2019 அக்டோபரில் அதற்கு விடை கொடுத்தார்கள்.

சித்தப்பா ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியின் அனுமதி பெற்று, அவர் முன்னிலையில் சாராய விளக்கில் அதைச் செய்து பார்த்தேன். பருத்தி நூல் காகிதம் போல் எரிந்து சாம்பலானது. பாலியஸ்டர் நூலோ சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பு மணியாய்த் திரண்டது. பருத்தியும் எரியத்தான் செய்கிறது, ஆனால் ஒட்டுவதில்லை.

நான் ஊன்றிப் பார்த்தது அந்தக் கறுப்பு மணியைத்தான். என் அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருட்டாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. சிவக்கக் காய்ந்த கம்பிகள் ஓடும் இடம் அது. அங்கே கொடுத்த சாம்பல்நிறச் சட்டை பளபளப்பாக இருக்கும், துவைத்தால் உடனே காயும், இஸ்திரி வேண்டாம். அம்மாவுக்குக்கூட அதன் மேல் பிரியம்தான். சென்ற மே மாதம் ஒரு பொறி இடது கையில் விழுந்தது. பொறி சிறியது. சட்டை உருகி ஒட்டியதுதான் பெரிய காயமாயிற்று. மருத்துவமனையில் துணியைத் தோலிலிருந்து பிரித்தெடுத்தபோது அப்பா என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாலும் கேட்கத்தானே செய்யும்?

2023 மார்ச்சில் ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி முடித்த அக்னிவீரர்களில் 273 பேர் பெண்கள். நம்மில் யாராவது ஒரு நாள் அங்கே போகலாம். அல்லது இங்கே சிப்காட்டுக்குள்ளேயே போகலாம். சட்டையைக் கையில் கொடுத்ததும் முதலில் அதன் ஓரத்து நூலை உருவிப் பாருங்கள்.

அப்பாவுக்காக நான் முழுத்தாளில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். தடித்த பருத்தியில் முழுக்கைச் சட்டை வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பதினொரு தொழிலாளர்கள் கையொப்பமிட்டார்கள். மூவர் பயந்து மறுத்துவிட்டார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒப்பந்தக்காரரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அப்பா இப்போது சித்தப்பாவின் பழைய பருத்திச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போகிறார். அது அரைக்கை ஆனதால், அம்மா ஒரு பழைய பருத்திக் கால்சட்டையை வெட்டி, மணிக்கட்டு வரை கருநீலத்தில் கை இணைத்துத் தைத்திருக்கிறார்.