அந்தப் பாட்டி குடுத்த கல்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க.

போன வெள்ளிக்கிழமை சாயரட்சை முடிஞ்சதும் நாங்க நாலஞ்சு தொண்டூழியர்கள் விளக்கு மேடையைத் துடைச்சுக்கிட்டு இருந்தோம். ஒரு சின்னப் பையன், ஆறு வயசு இருக்கும், அம்மாகூட வெளியே போகும்போது அவன் கால்சட்டைப் பையிலேர்ந்து ஒரு அகல் விளக்கு கீழே விழுந்துச்சு. "எங்கேர்ந்துடா எடுத்தே?"ன்னு அம்மா கேட்டாங்க. "அந்தத் தாத்தா குடுத்தாங்க"ன்னு கையைக் காட்டினான். அவன் காட்டின தாத்தா நம்மில் மூத்த தொண்டூழியர். அந்தக் கோடியில் எண்ணெய் ஊத்திக்கிட்டு இருந்தார், அவருக்கு ஒண்ணும் தெரியாது. அந்தம்மா விளக்கை எங்ககிட்ட திருப்பிக் கொடுத்து மன்னிப்பு கேட்டுட்டுப் போனாங்க. நான் துடைக்கிற துணியைக் கையில் வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?"ன்னு பக்கத்துல இருந்த தங்கச்சி கேட்டுச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்லை. எனக்கு 1996 ஞாபகம் வந்துடுச்சு.

அப்போ எனக்கு வயசு ஒன்பது. எங்க சித்தப்பா ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் வேலை பார்த்துக்கிட்டு இருந்தார். ஜூன் பள்ளி விடுமுறைக்கு எல்லாரும் வாங்க, பாலைவனத்தைக் காட்டுறேன்னு கூப்பிட்டார். அப்பா, அம்மா, அண்ணன், நான், பாட்டி. பாட்டிக்கு அதுதான் முதல் விமானப் பயணம். பூஜைக்குன்னு காய்ந்த வேப்பிலை ஒரு பொட்டலம் கொண்டு வந்தாங்க, அதை விமான நிலையத்திலேயே வாங்கி வெச்சுக்கிட்டாங்க. முறுக்கு டின்னை மட்டும் விட்டுட்டாங்க.

அடிலெய்டிலேர்ந்து உலூருவுக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர். நம்ம ஊர்ல துவாஸிலேர்ந்து சாங்கிக்கு 50 கிலோமீட்டர்கூட முழுசா இருக்காது. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு எப்படிப் புரியும்? வேன்ல ஏறி ஒரு மணி நேரத்திலேயே "வந்தாச்சா?"ன்னு கேட்டேன். சித்தப்பா, "இன்னும் மூணு நாள்மா"ன்னு சொன்னார். விளையாட்டுக்குச் சொல்றார்னு நினைச்சேன்.

போர்ட் அகஸ்டாவில் நாலு பெரிய கேன்ல தண்ணீர் பிடிச்சோம், ஒவ்வொண்ணும் 20 லிட்டர். அதுக்கு மேலே வடக்கே போகப் போக மரம் குட்டையாச்சு, அப்புறம் புதராச்சு, அப்புறம் வெறும் சிவப்பு மண்ணும் கல்லும்தான். வழியில லேக் ஹார்ட்னு ஒரு ஏரி. தூரத்திலேர்ந்து வெள்ளையா தெரிஞ்சதும் நான் கடல்னு கத்தினேன். இறங்கிப் போய்ப் பார்த்தா தண்ணியே இல்லை, கண்ணுக்கெட்டின வரைக்கும் உப்பு. அண்ணன் நக்கிப் பார்த்தான். நானும் நக்கிப் பார்த்தேன். எதிரில் ரோட் டிரெயின் வரும், ஒரு லாரிக்குப் பின்னாடி மூணு வண்டியைக் கோத்து 50 மீட்டருக்கு மேல நீளம். அது கடக்கும்போது எங்க வேன் ஒரு ஆட்டம் ஆடும். ஒவ்வொரு தடவையும் பாட்டி "முருகா"ன்னு சொல்லுவாங்க. மூணு நாள்ல எத்தனை முருகான்னு நானும் அண்ணனும் எண்ணிக்கிட்டே வந்தோம்.

தண்ணீருக்குச் சித்தப்பா போட்ட சட்டம்: காலையில ஆளுக்கு ஒரு குவளை. பல்லு விளக்க, முகம் கழுவ எல்லாம் அதுக்குள்ளேயே. எனக்கு ஒரே சந்தோஷம், குளிக்க வேண்டாமே! ஆனா பாட்டி குளிக்காம சாமி கும்பிட மாட்டாங்க. அம்மாவுக்கு அதான் கவலை. பாட்டி அலட்டிக்கவே இல்லை. விபூதியை எடுத்து நெத்தி, கை, மார்புன்னு பூசிக்கிட்டாங்க. "விபூதி பூசினாலே குளிச்ச கணக்குதான். தண்ணியில்லாத ஊர்ல சாமி என்ன கோவிச்சுக்கவா போகுது?"ன்னாங்க.

கூபர் பீடியில் ஒரு ராத்திரி தங்கினோம். ஓபல் கல் தோண்டுற ஊர். வெயிலுக்குப் பயந்து பாதிப் பேர் பூமிக்குள்ள குடைஞ்சு வீடு கட்டியிருக்காங்க. ஊரைச் சுத்தி தோண்டிப் போட்ட குழிகள். பின்பக்கமா நடக்காதீங்கன்னு ஒரு எச்சரிக்கைப் பலகை, அதில் ஒரு ஆள் தலைகீழா குழியில் விழுற படம். எனக்கும் அண்ணனுக்கும் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரிச்சு மாளலை. அங்கே பூமிக்கடியிலேயே தேவாலயமும் இருக்கு. பாட்டி உள்ளே வந்தாங்க. சுவரெல்லாம் பாறை, ஜன்னல் கிடையாது, ஒரே குளிர்ச்சி. "கர்ப்பகிரகம் மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு, யார் சாமின்னு கேட்காம கையெடுத்துக் கும்பிட்டாங்க.

அடுத்த ராத்திரி சாலையோரமா கூடாரம். பாலைவனம்னா சூடுன்னுதான் பள்ளிக்கூடத்துல படிச்சிருந்தேன். ஜூன் மாசம் அங்கே குளிர்காலம். விடியும் முன்னாடி எனக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சு. பாட்டிதான் டார்ச் லைட்டோட கூட்டிட்டுப் போனாங்க. வாளித் தண்ணி மேல கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. மேலே பார்த்தேன். எங்க வீட்டு மாடியிலேர்ந்து பத்துப் பதினைஞ்சு நட்சத்திரம் தெரிஞ்சாலே அதிகம். இங்கே இடமே இல்லாம கொட்டிக் கிடந்துச்சு. உண்மையைச் சொன்னா அழகுன்னு தோணலை, பயந்துட்டேன். பாட்டி சேலையைப் பிடிச்சுக்கிட்டேன். பாட்டி மட்டும் சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி, "அதோ பாரு, கார்த்திகை"ன்னு வடகிழக்கே தாழ ஒரு நட்சத்திரக் கொத்தைக் காட்டினாங்க. அதுக்குள்ளே எழுந்து அடுப்பு பத்த வெச்ச சித்தப்பா, "இந்த ஊர் ஆதிகுடி மக்களும் அதை அக்கா தங்கச்சிங்கன்னுதான் சொல்றாங்கம்மா. துரத்துற ஒருத்தன்கிட்டேர்ந்து தப்பிச்சு ஓடுற ஏழு பேர்"னு சொன்னார். பாட்டி கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "நம்ம கணக்குல ஆறுதானே, ஒரு பொண்ணை எங்கே விட்டோம்?"

மறுநாள் தூரத்துல ஒரு பெரிய மலை. அப்பா "உலூரு!"ன்னு கத்தி, பாதி ஃபிலிம் ரோலைக் காலி பண்ணிட்டார். அது மவுண்ட் கானராம். வழக்கமா எல்லாரும் ஏமாறுவாங்களாம். சித்தப்பா தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம விட்டிருக்கார். அப்பாவுக்கு ஊர் திரும்புற வரைக்கும் கோபம்.

நிஜ உலூரு பக்கத்துல வந்தப்போ யாரும் கத்தலை. தரையிலேர்ந்து 348 மீட்டர், ஒரே பாறை. அந்த இடம் அனங்கு மக்களோடது. 1985-ல அரசாங்கம் அவங்க பேருக்கே திருப்பி எழுதிக் கொடுத்தது. (அனங்குன்னா அவங்க மொழியில மனுஷங்கன்னு அர்த்தம். நம்ம அணங்கு வேற, அது வேற. யாரும் குமரிக்கண்டம் வரைக்கும் போயிடாதீங்க.)

முதல்ல அங்கே இருக்கிற பண்பாட்டு நிலையத்துக்குப் போனோம். சித்தப்பா ஒரு பலகையைத் தமிழ்ல படிச்சுச் சொன்னார்: இது எங்களுக்குப் புனிதமான இடம், தயவுசெய்து மேலே ஏறாதீங்க. அந்தக் காலத்துல ஏறத் தடை இல்லை, கேட்டுக்கிட்டாங்க, அவ்வளவுதான். அப்பா ஏறுறதுக்குன்னே புது ஷூ வாங்கியிருந்தார். பாட்டி சொன்னாங்க, "வீட்டுக்காரங்க வேண்டாம்னு சொல்ற இடத்துல ஏறுறதாப்பா?" அப்பா, "இவ்ளோ தூரம் வந்துட்டுச் சும்மா திரும்பணுமாம்மா? எல்லாரும்தான் ஏறுறாங்க"ன்னார். பாட்டி அதுக்கு மேல பேசலை. எனக்குப் பாட்டி மேலதான் கோபம். அவங்க வாயை மூடிட்டு இருந்தா நானும் ஏறியிருப்பேன். இப்போ அம்மா, "நீ பாட்டிகூட இரு"ன்னுட்டாங்க.

வெளியே நிழல்ல அந்த மக்களில் வயசான அம்மா ஒருத்தங்க மண்ணுல உட்கார்ந்து, மரத்துல செதுக்கின பல்லி மேல பழுக்கக் காய்ச்சின கம்பியால கோலம் மாதிரி சுட்டுக்கிட்டு இருந்தாங்க. பாட்டி பக்கத்துல போய் உட்கார்ந்துட்டாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு மொழியும் கிடையாது. பாட்டி முறுக்கு டின்னைத் திறந்து நீட்டினாங்க. அவங்க ஒண்ணு எடுத்து, சுத்திச் சுத்திப் பார்த்து, தன்னோட பல்லியில இருந்த சுழியைக் காட்டிச் சிரிச்சாங்க. பாட்டியும் சிரிச்சாங்க. அவ்வளவுதான் நடந்தது. பத்து நிமிஷம் இருக்கும்.

அப்புறம் மலையடி. அப்பாவும் அண்ணனும் சங்கிலியைப் பிடிச்சு ஏறினாங்க. அப்பா சிவப்புச் சட்டை. கொஞ்ச நேரத்துல அது எறும்பாச்சு. ஏறுறவங்களை அனங்கு மக்கள் 'மிங்கா', அதாவது எறும்புன்னுதான் சொல்லுவாங்கன்னு சித்தப்பா சொன்னார். பக்கத்துல பாறையில், ஏறும்போது இறந்து போனவங்களோட நினைவுப் பலகைகள் பதிச்சிருந்துச்சு. எனக்கு அப்போதான் ஓரளவு இங்கிலீஷ் படிக்க வரும். ஒவ்வொண்ணா எழுத்துக்கூட்டிப் படிச்சேன். அதுக்கப்புறம் அந்தச் சிவப்பு எறும்பை விட்டு என் கண்ணு நகரலை. மூணு மணி நேரம். அந்த நேரத்துலதான், கைக்கு ஏதாவது பிடிச்சுக்க வேணும்னு, தரையில கிடந்த கல்லை எடுத்தேன். நெல்லிக்காய் அளவு. ஒரு பக்கம் துருச் சிவப்பு, உடைஞ்ச பக்கம் சாம்பல். அப்பா பத்திரமா இறங்கி வந்தார். கல் என் ஜாக்கெட் பையிலேயே இருந்துடுச்சு.

வீடு வந்து துணி துவைக்கும்போது அம்மா கண்டுபிடிச்சாங்க. பாட்டி கேட்டாங்க, "கேட்டுட்டு எடுத்தியா?" அடி விழுமோன்னு பயம். வாயில வந்தது இதுதான்: "அந்த முறுக்கு சாப்பிட்ட பாட்டி குடுத்தாங்க."

பாட்டி முகம் எப்படி மாறிச்சுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியும். கல்லை வாங்கி, கண்ணுல ஒத்திக்கிட்டு, சாமி மேடையில முருகன் பக்கத்துல வெச்சாங்க. ஒவ்வொரு வெள்ளியும் குங்குமம். 2004-ல பாட்டி காலமாகும் வரைக்கும். அப்புறம் அம்மா. நானும் எத்தனையோ வெள்ளிக்கிழமை அதுக்குப் பூ வெச்சிருக்கேன், வேற என்ன செய்யறது?

அங்கேர்ந்து கல் எடுத்துட்டுப் போனவங்க, அதுக்கப்புறம் கெட்ட காலம் வந்துடுச்சுன்னு மன்னிப்புக் கடிதத்தோட தபால்ல திருப்பி அனுப்புறாங்கன்னு எப்பவோ படிச்சேன். எங்களுக்கு அப்படி ஒண்ணும் நடக்கலை. நல்லாத்தான் இருந்தோம். அதனாலதான் இவ்வளவு நாள் ஓட்டிட்டேன் போல. 2019 அக்டோபர் 26-ம் தேதி மலை ஏறுறதையே நிறுத்திட்டாங்கன்னு செய்தி வந்தப்போ அப்பா டிவியை நிறுத்திட்டு எழுந்து போனார். அப்போகூட நான் வாயைத் திறக்கலை.

போன மாசம்தான் அம்மா பழைய வீட்டைக் காலி பண்ணிட்டு எங்களோட வந்தாங்க. கல்லும் சாமி மேடையோட வந்துச்சு. இந்த வெள்ளி கோயிலிலேர்ந்து திரும்பினதும் அம்மாகிட்ட சொன்னேன். யாரும் குடுக்கலம்மா, நானா எடுத்தேன். அம்மா ரொம்ப நேரம் எதுவும் சொல்லலை. அப்புறம், "ஒவ்வொரு தீபாவளிக்கும் அத்தை முதல் முறுக்கைத் தனியா எடுத்து வைப்பாங்களே, அது யாருக்குன்னு நினைச்சே?"ன்னாங்க. சாமிக்குன்னுதான் நான் நினைச்சிருந்தேன்.

சனிக்கிழமை பழைய பல் பிரஷ்ஷால கல்லைத் தேய்ச்சுக் கழுவினேன். இத்தனை வருஷத்துக் குங்குமம், லேசுல போகலை. பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், நாலு வரி. பாட்டி, முறுக்கு எல்லாம் எழுதிப் பார்த்துக் கிழிச்சுப் போட்டேன். கடைசியில, 1996 ஜூன்ல மலையடியில எடுத்தேன், கேட்காம எடுத்தேன், அவ்வளவுதான். முறுக்கு ஒரு பொட்டலம் வைக்கலாமான்னு யோசிச்சேன். உணவுப் பொருள்னா தடுத்து, கல்லும் போய்ச் சேராம போயிடுமோன்னு விட்டுட்டேன்.

இன்னிக்குக் காலையில தபால் நிலையம். முகப்பில் இருந்த பொண்ணு உள்ளே என்னன்னு கேட்டாங்க. கல்னேன். "நகைக் கல்லா?" இல்லைம்மா, சும்மா கல். "மதிப்பு எவ்வளவு?" எனக்குப் பதில் வரலை. பின்னாடி வரிசை நீண்டுக்கிட்டே போச்சு. "பூஜ்யம் போட முடியாது மேடம், ஒரு வெள்ளின்னு போட்டுடவா?"ன்னு கேட்டாங்க. சரின்னேன்.