அவையும் அறையும்

கலை எதுவாயினும் அஃது அவையை நாடியே பிறக்கின்றது. புலவன் தனித்திருந்து நூலை யாத்தாலும், அஃது அறிஞர் அவையில் அரங்கேறிய பின்னரே நூலென மதிக்கப்பெற்றது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அளவைக் குறிக்கின்றது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். அங்குத் தூண்களின் நிழல் ஆடுமிடத்திலும் அவையிலும் படாதவாறு விளக்குகளை நிறுத்தினர் என்னும் செய்தி நம் உள்ளத்தைக் கவர்கின்றது. ஆடுவோர்க்கு மட்டுமன்றிக் காண்போர்க்கும் சேர்த்தே அரங்கை வகுத்த மரபு நம்முடையது.

அம்மரபை மனத்திற்கொண்டு, இன்று மாணவரிடையே அடிக்கடி எழும் வினா ஒன்றை ஈண்டு ஆராய விழைகின்றோம். திரையரங்கிற்குச் சென்று படம் காண்பது இன்னும் சிறப்புடையதா? வீட்டிலிருந்தே காண்பது போதுமா?

'இரண்டுமே வேண்டா' என்று கூறும் பெரியோர் நம் சமுதாயத்தில் உளர். அவர்தம் அச்சத்தில் நியாயம் இல்லை என நாம் கூறோம். ஆயினும் கவி கா.மு. ஷெரீப் போன்ற மார்க்கப் பற்றுடைய கவிஞரும் திரைக்குப் பாட்டெழுதினர். தமிழகத்தின் மொழியையும் அரசியலையும் கடந்த நூறாண்டில் உருவாக்கிய கருவிகளுள் திரைப்படமும் ஒன்று. அதனை எவ்வாறு காண்பது என்று எண்ணிப் பார்த்தல் தமிழாசிரியர் கடமைகளுள் ஒன்றெனக் கருதுகின்றோம்.

தமிழ்நாட்டில் சலனப் படத்தை ஊரூராகக் கொண்டு சென்றவர் கோவையைச் சார்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட். இரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905இல் படக்கருவியை விலைக்கு வாங்கிக் கூடாரம் அடித்துக் காட்டலானார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கையும் எழுப்பினார். 1931இல் 'காளிதாஸ்' பேசும் படமாக வந்தது. 1944இல் வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஒரே படத்தைக் காண மக்கள் மீண்டும் மீண்டும் சென்றனர் என்றால், கதையறியும் ஆவல் மட்டும் அதற்குக் காரணமாகாது. கூடியிருந்து காணும் இன்பமும் அவர்களை இழுத்தது எனலாம்.

கீற்றுக் கொட்டகையில் தரை, பெஞ்சு, நாற்காலி என்று கட்டண வேறுபாடு உண்டு. ஆனால் சிரிப்பொலிக்கு அவ்வேறுபாடு இல்லை. தொல்காப்பியர் நகையும் அழுகையும் அச்சமும் உள்ளிட்ட மெய்ப்பாடுகள் எட்டினைக் கூறுவார். உள்ளத்து உணர்ச்சி உடலின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு. வெளிப்படும் உணர்ச்சியைக் கண்டுகொள்ளப் பிறர் ஒருவர் வேண்டுமன்றோ? தனித்திருந்து படம் காண்பவர் வாய்விட்டுச் சிரிப்பது அரிது. அரங்கில் நானூறு பேர் சிரிக்கும்போது சிரிக்காதிருப்பது அரிது. மேலும், அரங்கில் படத்தை நிறுத்தும் உரிமை நமக்கு இல்லை. சலிப்பூட்டும் காட்சியைத் தள்ளிவிட இயலாது. தொலைபேசி மணிக்காகக் கதை காத்திராது. இக்கட்டுப்பாடே கவனத்தைப் பயிற்றுகின்றது. இல்லத்தில் விசை நம் கையில் இருக்கின்றது. அதனாலேயே படத்தைப் பத்துத் துண்டுகளாக்கிப் பார்க்கின்றோம்.

இதுகாறும் கூறியவற்றால் அரங்கமே உயர்ந்தது எனத் தீர்ப்பளித்துவிடலாம் போலத் தோன்றும். ஆயினும் அவ்வாறு தீர்ப்பளிக்க எம் இல்லத்து நினைவொன்று இடந்தரவில்லை.

எம் பாட்டியாரை நன்னிமா என்றழைப்பது வழக்கம். அறுபது வயது வரை அவர் எந்தக் கொட்டகையின் வாயிலையும் மிதித்தவர் அல்லர். ஆண்கள் சென்று வந்து கூறும் கதையே அவர் அறிந்த சினிமா. 1980களின் இறுதியில், வளைகுடா நாட்டில் பணியாற்றிய உறவினர் ஒருவர் வீடியோ டெக் ஒன்றைக் கொணர்ந்தார். இஷாத் தொழுகை முடிந்து ஆண்கள் திண்ணைக்குச் சென்றபின், கூடத்தில் பாய் விரித்து அண்டை வீட்டுப் பெண்களெல்லாம் அமர்வர். அவ்வாறுதான் நன்னிமா 'பாசமலர்' படத்தைக் கண்டார். 1961இல் வெளியான அப்படம் அவரிடம் வந்துசேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அன்று அக்கூடத்தில் எழுந்த விம்மல் எந்த அரங்கத்திற்கும் குறைந்ததன்று. முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண்கள், மறுநாள் கிணற்றடியிலும் அக்கதையையே பேசினர்.

அரங்கம் அனைவர்க்கும் பொது என்று நாம் எழுதுகின்றோம். ஆனால் நம் தாய்மார்க்கு அது பொதுவாக இருந்ததில்லை. அவர்கட்கு முதல் அரங்கமாக அமைந்தது வீடே. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபின் பெட்டியுள்ள வீட்டில் தெருவே கூடியது. 2006இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியபின் வீட்டுக்கொரு பெட்டி வந்தது. அடுத்த வீட்டுக் கூடத்தில் அமரும் வழக்கம் குறைந்தது. அன்றைய வீடும் ஓர் அவையாகவே இருந்தது என்பதை மறத்தலாகாது.

இன்றைய நிலை வேறு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிலும் வாடகை அறைகளில், ஒடிசா, பீகார் முதலிய மாநிலத் தொழிலாளரும் நம் தென்மாவட்ட இளைஞரும் அறுவர் எழுவராகத் தங்கியுள்ளனர். இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் படுத்திருக்க, பகல் ஷிப்டுக்குச் செல்வோர் எழுந்திருப்பர். மாணவர் ஒருவரைக் காண நாம் அத்தகைய அறையொன்றுக்குச் சென்றபோது, அங்கிருந்த அறுவரும் ஆளுக்கொரு கைபேசியில், காதிற் கருவி பொருத்தி, வெவ்வேறு படம் பார்த்துக்கொண்டிருந்தனர். எவரும் எவர் முகத்தையும் நோக்கவில்லை. அஃது அரங்கமுமன்று; இல்லமுமன்று. விலை குறைவு என்பதும் நேரம் ஒவ்வாது என்பதும் உண்மையே. ஒருநாள் கூலியைத் திரையரங்கில் விடுமாறு அவர்களிடம் கூற நமக்கு உரிமையில்லை. எனினும் அக்காட்சி நெஞ்சை உறுத்தியது.

பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் அரங்குகள் மூடப்பட்டன. மே 29இல் 'பொன்மகள் வந்தாள்' அரங்கைக் காணாமலேயே இணையவழி வெளிவந்தது. நவம்பர் 12இல் 'சூரரைப் போற்று'ம் அவ்வாறே வந்தது. அரங்கின் காலம் முடிந்தது என்றனர் பலர். ஆனால் 2021 பொங்கலுக்கு 'மாஸ்டர்' வெளியானபோது மக்கள் மீண்டும் அரங்க வாயிலில் நின்றனர். நம் எல்லையைத் தாண்டிச் சூலூர்ப்பேட்டையில் 106 அடி அகலத் திரை கொண்ட அரங்கம் 2019இல் திறக்கப்பட்டது. மின்தொடர் வண்டியேறி நம் மாணவர் அங்குச் சென்று வருகின்றனர். திரையின் அகலத்தைப் பற்றி ஒரு சொல்லும், உடன்சென்ற நண்பரைப் பற்றி ஒன்பது சொல்லும் அவர்தம் பேச்சில் வருவதை நாம் கவனித்துள்ளோம்.

சமுதாயப் பெரியோர்க்கு மற்றொன்றும் கூறல் வேண்டும். 2013இல் 'விஸ்வரூபம்' படத்தை வீட்டுத் தொலைக்காட்சி வழியே அரங்கிற்கு முன்னரே வெளியிட முயன்றபோது அரங்க உரிமையாளர் எதிர்த்தனர். நம் அமைப்புகள் அதன் கருத்தை மறுத்தன. தடைக்குப் பின் பெப்ரவரி 7இல் அது தமிழக அரங்குகளில் வெளியாயிற்று. நம்மைத் தவறாகக் காட்டும் காட்சிக்கு அரங்கில் கைதட்டல் எழும்போது, அங்கமர்ந்த முஸ்லிம் இளைஞன் கூனிக் குறுகுவான் என்பது மெய். ஆனால் படம் முடிந்து தேநீர்க் கடையில் நிற்கும்போது, உடன்வந்த சகோதர சமய நண்பனிடம் 'நாங்கள் அப்படியா?' என்று கேட்கலாம். தனியறையில் கைபேசி காட்டும் பொய்யை மறுக்க அருகில் எவரும் இல்லை.

ஆதலின் அரங்கமா இல்லமா என்பதைக் காட்டிலும், கூடியா தனித்தா என்பதே கேட்கத்தக்க வினா. இதற்குக் கல்லூரி செய்யத்தக்கது ஒன்றுண்டு. திங்களுக்கு ஒருமுறை நம் கல்லூரிக் கூட்ட அரங்கில் நல்ல தமிழ்ப்படம் ஒன்றை முறையான இசைவு பெற்றுத் திரையிடலாம். திரையரங்கிற்குச் செல்ல வீட்டார் இசையாத மாணவியரும், கட்டணம் செலுத்த இயலாத மாணவரும் அங்கு ஒருங்கே அமர்வர். தொழுகை நேரம் தவிர்த்துக் காலத்தை வகுக்கலாம். படம் முடிந்தபின் அரைமணி நேரம் உரையாடல் நிகழட்டும். ஆசிரியர் குறைத்துப் பேச, மாணவர் மிகுத்துப் பேசட்டும். எப்படம் என்று தேர்ந்தெடுக்கும் குழுவில் பெரியோரும் இடம்பெறட்டும். முன்வரிசையில் வந்தமர்ந்து, பிடிக்காத காட்சியைப் பிடிக்கவில்லை என்று எழுந்து கூறட்டும்.

அவ்வரங்கின் விளக்குகளை அமைக்கும்போது, எந்தத் தூணின் நிழலும் கடைசி வரிசை மாணவியின்மீது விழாதவாறு பார்த்துக்கொள்வது நம் துறையின் பொறுப்பாகுக.