அத்தையின் அறைக்கு ஒரு சாந்தமான பச்சை

எங்கள் வீட்டில் மேற்குப் பார்த்த அறை மாமியாருடையது. பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் நேராக உள்ளே வந்துவிடும். போன வருஷம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. பார்வை நன்றாகத் தெளிந்தது; அதுவே தொந்தரவாகவும் போயிற்று! "சுவரெல்லாம் கண்ணைக் குத்துதேம்மா" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வயதாக ஆக நம் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துவிடுமாம். அதை எடுத்துத் தெளிவான லென்ஸ் வைத்ததும் வெள்ளையும் நீலமும் முன்னைவிடப் பளிச்சென்று தெரியும் என்றார் டாக்டரம்மா. நாளடைவில் பழகிவிடுமாம். பழகட்டும், ஆனால் பொழுதெல்லாம் அந்த அறையிலேயே இருப்பவர் அவர்தானே? வெள்ளைச் சுவரை மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன்.

க்ரீம் கலர் மேற்கு வெயிலில் இன்னும் மஞ்சளாகத் தகிக்கும். பச்சைதான் எனக்குப் பட்டது. சொன்னதும் அத்தையின் முகம் வாடிவிட்டது. "வேண்டாம்மா. உங்க மாமா கடைசியா படுத்திருந்த வார்டு பச்சைதான்" என்றார். மாமா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்றைக்கு நான் அதற்குமேல் பேசவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பச்சை வந்ததும் கண்கூச்சத்தால்தான். 1914-ல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஹாரி ஷெர்மன் என்ற சர்ஜன், வெள்ளை ஆபரேஷன் அறையின் கூச்சம் தாங்காமல் கீரைப் பச்சையைக் கொண்டுவந்தார். ரத்தச் சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை என்பது அவர் கணக்கு. ஆனால் நம் ஊர் வார்டுகளில் பார்ப்பது நீலம் தட்டிய, எண்ணெய்ப் பளபளப்புள்ள பச்சை. நான் நினைத்தது அதுவல்ல.

கொல்லைத் தொட்டியிலிருந்து ஒரு கற்பூரவல்லி இலையைக் கிள்ளி, பின்பக்கத்தைத் திருப்பி அத்தையிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "இது பச்சையா? சாம்பல் பூத்தாப்பல இருக்கே." "இதுதான் அத்தை." இரண்டு நாள் கழித்து, "அடிச்சுப் பாரேன்" என்றார்.

கடையில் கொடுக்கும் கலர் கார்டை நம்பாதீர்கள், சகோதரிகளே! அதில் துளியூண்டாகச் சாதுவாக இருக்கும் பச்சை, நான்கு சுவரிலும் ஏறினால் ஒன்றின் நிறம் மற்றொன்றில் பட்டு அழுத்தமாகிவிடும். மனசுக்குப் பிடித்ததற்கு ஒரு படி வெளிறியதை, சாம்பல் கூடியதை எடுங்கள். எங்கள் வீட்டில் சிவப்பு ரெட் ஆக்ஸைடு தரை வேறு. சிவப்பின் பக்கத்தில் பச்சை இன்னும் பச்சையாகக் காட்டும். அதனால் இரண்டு படி இறங்கினேன். எங்கள் பெயிண்டர் பழைய கை. மஞ்சளில் கறுப்பு ஸ்டெயினரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மங்கிய பச்சை வரும் என்று டப்பா மூடியிலேயே செய்து காட்டினார். எனக்கு ஒரே ஆச்சரியம்!

இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய விட்டேன். ஈரத்தில் வெளிறித் தெரியும் எமல்ஷன் காய்ந்தால் சற்று அழுத்தமாகும். அட்டையைச் சுவருக்குச் சுவர் மாற்றி, காலை, மூன்று மணி வெயில், ராத்திரி என்று மூன்று நாள் பார்த்தோம். ராத்திரிதான் வம்பு. 6500 என்று போட்ட வெள்ளை எல்.ஈ.டி. வெளிச்சத்தில் அதே பச்சை நீலம் பாய்ந்து, அசல் ஆஸ்பத்திரி! 2700 போட்ட மஞ்சள் பல்பை மாட்டியதும் இலையின் நிறம் திரும்பிவிட்டது. பல்பை மாற்றாமல் பெயிண்டைத் திட்டி என்ன பயன்?

பளபளப்பில்லாத மேட் எமல்ஷன்தான் வாங்கினேன். துடைத்தால் கறை முழுசாகப் போகாது என்று இவர் முணுமுணுத்தார். கூச்சம் குறைவது முக்கியமா, கறை போவது முக்கியமா? கூரைக்கு வெள்ளையையே விட்டுவிட்டேன். அங்கேயும் பச்சை அடித்தால் அறை இருண்டுவிடும். பழைய கதவை மட்டும் உலரச் சுரண்ட விடவில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நம் நாட்டில் அமலானதே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எண்ணெய்ப் பெயிண்டின் தூசி குழந்தைகளுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தோம்.

இப்போது மூன்று மணிக்கு அத்தை முந்தானையை இழுத்துக்கொள்வதில்லை. ஜன்னலடியில் உட்கார்ந்து பூ தொடுக்கிறார். மாமாவின் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. ஆணி அடித்துப் பூச்சு பெயர்ந்தால் தொட்டுவிட, மீந்த அரை லிட்டரை மூடி இறுக்கி, கலர் நம்பரை மேலே எழுதிப் பரணில் வைத்திருக்கிறேன்.