ஐம்பத்திரண்டில் ஓர் அரை மரதன்

ஓட்டம் இளைஞர்க்கே உரியது என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். தலை நரைத்தவர் அதிகாலையில் வீதியில் ஓடக் கண்டால், பஸ்ஸைத் தவறவிட்டாரோ என்று வினவுவோரும் உளர். நாம் ஓடத் தொடங்கியது புகழை நாடியன்று. எம் தந்தையார் நீரிழிவினால் வலக் காலை இழந்து, இறுதி ஆண்டுகளைச் சாய்மனைக் கதிரையிற் கழித்தவர். 52ஆம் வயதில் எமது இரத்தத்திலும் சீனி ஏறிவருகின்றது என வைத்தியர் கூறியபோது, தந்தையாரின் நினைவே எம்மை வாட்டிற்று.

வேலை செய்யும் தசையானது, இன்சுலின் போதாதவிடத்தும், இரத்தத்திலுள்ள சீனியை ஈர்த்துக்கொள்ளும் என்று வைத்தியர் விளக்கினார். உடற்பயிற்சிக்கு அவர் இசைவு அளித்ததும், எம் மகள் அரை மரதன் ஒன்றை இலக்காக வைத்துவிட்டாள். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பெற்று, 1921இல் நிலையான அளவாக்கப்பட்டது மரதனின் தூரமாகிய 42.195 கிலோ மீற்றர். அதிற் பாதியே அரை மரதன்.

முதல் வாரங்களில் இரண்டு நிமிட ஓட்டம், மூன்று நிமிட நடை. இவ்வாறு அரை மணி நேரம். வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியே, ஒரு புறம் கடலும் புகையிரதப் பாதையும் துணைவர, விடியுமுன்னரே புறப்படுவோம். கொழும்பின் காற்றில் ஈரம் மிகுதி. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. வெயிலும் சேர்ந்தால் தாங்கொணாது.

"கதைச்சுக்கொண்டு ஓட ஏலாட்டி, வேகம் கூடிப்போச்சு எண்டு அர்த்தம், அப்பா" என்பாள் மகள். நெஞ்சு விரைவிற் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் பழக மாதங்கள் செல்லும். ஆதலின் ஞாயிறுதோறும் ஒரு கிலோ மீற்றர் அளவே கூட்டி, எட்டு மாதங்களில் பதினெட்டை எட்டினோம்.

போட்டி நாளில் பதினாறாம் கிலோ மீற்றர் வரை இடரில்லை. அதன்பின் கால்கள் கல்லாய்க் கனத்தன; வலப் பாதம் நெருப்பாய் எரிந்தது. அப்பொழுது ஓர் எண்ணம் எழுந்தது. நீரிழிவு முற்றினால் பாதம் உணர்ச்சியை இழக்கும். தந்தையார் தம் பாதத்திற் புண் கண்டதை அறியவேயில்லை, அறிந்தபோது காலங்கடந்துவிட்டது. எமக்கோ நோகின்றது! நோவை உணரும் பாதம் இன்னும் நமக்கு உண்டு என்ற மகிழ்ச்சியில், எஞ்சிய தூரத்தை நடையும் ஓட்டமுமாகக் கடந்தோம். எடுத்த நேரம் 2 மணி 54 நிமிடம். எமக்கு முன்னே முடித்தவர் பலர். ஆயினும் எல்லைக் கோட்டில் மகள் எம்மைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த பரிசோதனையிற் சீனியின் அளவு குறைந்திருந்தது. மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் தொடர்கின்றன. குடும்பத்தில் இந்நோய் உள்ள வாசகர்கள் வைத்தியரைக் கேட்டு, பாதத்துக்கு ஏற்ற சப்பாத்தணிந்து, பத்து நிமிட நடையுடன் நாளையே தொடங்கலாம். இரவில் உறங்கச் செல்லுமுன் இரு பாதங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும் மறவாதிருப்பார்களாக.