விழிக்க மறுத்த கணினி

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை; அங்கேதான் எங்கள் வீடு. அக்கா பிளஸ் டூ படிக்கையில் அரசு வழங்கிய மடிக்கணினி ஒன்றே எங்கள் கணினி. சென்ற விடுமுறையில் அதில் லினக்ஸ் நிறுவ முனைந்தேன். வட்டு முழுவதையும் அழித்து, ஒரே பகுதியாக்கி, எக்ஸ்ட்4 கோப்பு முறையில் அமைத்தேன். மீண்டும் இயக்கினால் கறுப்புத் திரை. துவக்க வட்டே இல்லையாம்!

"போச்சாப்பா?" என்றார் அப்பா. மிளகு விற்ற காசில் இன்னொன்று வாங்க இயலுமா? அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

விரிவுரையாளர் ஒருவர் விளக்கினார். லினக்ஸுக்கு முன்பே யூஇஎஃப்ஐ என்னும் ஃபர்ம்வேர் விழித்துக்கொள்கிறது. விதிப்படி அது கட்டாயம் வாசிக்க வேண்டியது ஃபேட் முறையை மட்டுமே. 2008-இல் லினக்ஸில் நிலைபெற்ற எக்ஸ்ட்4 அதற்கு வெறும் வெள்ளைத்தாள். என் அப்பாவும் பேருந்தின் எண்ணை அறிவார். ஊர்ப்பெயரை வாசிக்க அறியார்.

தவறு என்னுடையதே. நிறுவும்போதே எச்சரிக்கை வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் வாசிக்காமலே தள்ளிவிட்டேன். (அக்காவின் படங்களை முன்பே பென் டிரைவில் ஏற்றியிருந்தேன், பிழைத்தேன்!)

512 எம்பியில் ஃபேட்32 பகுதி ஒன்றைத் துவக்கத்திற்கென்று ஒதுக்கி, எஞ்சியதை எக்ஸ்ட்4 ஆக்கி மறுபடி நிறுவினேன். கணினி விழித்தது. திரையில் தமிழ் எழுத்துகள்.

அப்பா அருகில் வந்து அமர்ந்தார். "இதுல எம் பேர எழுதிக் காட்டு" என்றார்.